இரட்டைச் சிலிண்டரும் மச்சான் பிடித்த கயிறும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். காப்பியை ஆற்றிக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். துபாயில் வேலை பார்க்கும் அவள் மகன், கறுப்பு ரப்பர் உடையில், முதுகில் இரண்டு பெரிய சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்து சிரிக்கிறான். "ஒரு சிலிண்டரோட கடலுக்குள்ள போனதே எனக்குப் பிடிக்கல மாமா. இப்ப ரெண்டு. நீங்க சொன்னா கேப்பான், வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு மடங்கு ஆபத்து என்பது அவள் கணக்கு. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. ஆனால் வரலாற்று வாத்தியார் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? பேரனிடமே பேசினேன், பழைய புத்தகங்களையும் புரட்டினேன்.

நம் மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனாலும் பாண்டியர் செல்வத்தில் பெரும்பங்கு கடலுக்கு அடியிலிருந்துதான் வந்தது. கொற்கை முத்து ரோமாபுரி வரை போனது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே பாடத்தில் ஒரு வரியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவேன். முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. யார் உயிர் போனாலும் பரவாயில்லையோ, அவர்களைத்தான் முதலில் இறக்கியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அது பரம்பரைத் தொழிலானது. குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். முத்துச் சிப்பி கிடக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். பத்து, இருபது மீட்டர் ஆழம் இருக்கும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கூடையை நிரப்பிக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே படகில் இருப்பவர் இழுப்பார். மதுரை நாயக்கர்களுக்கும் இந்த முத்துக்குளிப்பில் பங்கு இருந்தது. எத்தனை கல் என்றுதான் அந்தப் பங்கையே கணக்கிட்டார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னொரு செய்தி சொல்கிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலியாம். இலங்கைக் கரையில் வெள்ளைக்காரர் காலம் வரை 'கடல்கட்டி' என்று அப்படி ஒருவர் இருந்தார்.

ஆனால் உண்மையில் உயிரைக் காத்தது மந்திரம் அல்ல, கயிறு. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வதுண்டு. தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அவன் கண் அசரமாட்டான் என்பது கணக்கு.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல. பத்து வயதில், சோழவந்தான் பக்கம் அத்தை வீட்டுத் தோட்டக் கிணற்றில் செம்புக்குடம் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டி போட்டும் சிக்கவில்லை. பெரியவர்கள் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று குதித்தேன். இரண்டு முறை தரை எட்டவில்லை. மூன்றாம் முறை அத்தை மகன் என் இடுப்பில் வாளிக்கயிற்றைக் கட்டினான். அடியில் குடத்தின் வாய் கைக்கு அகப்பட்டது, அதை விட மனமில்லை. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. நான் கயிற்றை அசைக்கவே இல்லை. "அசையலையேன்னுதான்டா இழுத்தேன்" என்று அவன் அழுதுகொண்டே சொன்னது மட்டும் இன்றும் காதில் கேட்கிறது.

இனி சிலிண்டர் கதைக்கு வருவோம். 1943இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற பொறியாளரும், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் திறந்துவிடும் கருவியைச் செய்தார்கள். மனிதன் மீனைப் போல நீந்தலாம் என்று உலகமே மகிழ்ந்தது. 1950களின் கடைசியில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய இத்தாலிய நிபுணர் ஒருவர் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த பத்தாண்டில் மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற நம் கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் தாங்களே சிலிண்டருடன் தூத்துக்குடிக் கடலில் இறங்கி, அடித்தரையில் கண்டதைப் பதிவு செய்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் தரையில் இரண்டு மணி நேரம் வரும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, செலவும் நான்கு மடங்கு. அரை மணியில் தீர்ந்துவிடும். சரி, தீர்ந்தால் மேலே வந்துவிடலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. நெடுநேரம் ஆழத்தில் இருந்தவர் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். சட்டென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழாகும். மூட்டு வலி, பக்கவாதம், மரணம் வரை போகும். 1878இல் பால் பெர்ட் காரணத்தைச் சொன்னார். 1908இல் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை தந்தார்.

தொடக்க கால இரட்டைச் சிலிண்டர்களில் பல, காற்றை மட்டுமே கூட்டின. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய், ஒரே கருவி. அது கெட்டால் இரண்டு சிலிண்டரும் வீண். நீருக்கடியில் குகைகளுக்குள் போனவர்கள்தான் இதை மாற்றினார்கள். இரண்டு வாய், இரண்டு கருவி, நடுவே ஒரு தடுப்பு வால்வு. ஒரு பக்கம் ஒழுகினால் அதை மூடிவிட்டு மறுபக்கம் மூச்சு விடலாம். புளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்பவர் 1979இல், குகைகளில் இறந்தவர்களின் கதைகளை அலசி ஒரு சிறு நூல் எழுதினார். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது என்பது அதில் முக்கியமான விதி. அவர் யார் தெரியுமா? பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்! அவரும் 1994இல் மெக்சிகோவில் ஒரு ஆழக் குழியில் இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேரன் சொன்னான்: "தாத்தா, முதுகுச் சுமை நாப்பது கிலோ பக்கம். முதல் நாள் தண்ணிக்குள்ள கவுத்துப் போட்ட ஆமை மாதிரி மல்லாந்துட்டேன். அதுகூடப் பழகிடுச்சு. தலைக்குப் பின்னாடி கையை விட்டு வால்வை மூடித் திறக்கறதுதான் கஷ்டம். தோள்பட்டை வளையல. ஆழமில்லாத தண்ணில, கண்ணை மூடிக்கிட்டு, வாரக்கணக்கா அதையே செய்யச் சொன்னாங்க." பழகுவது என்றால் சுமைக்குப் பழகுவது அல்ல. கெட்டது நடந்தால் கை தானாகப் போகும் அளவுக்குப் பழகுவது.

நான் அவனிடம் மூன்று கேள்வி கேட்டேன். உன்னோடு இறங்குவது யார்? கடைசியாக வால்வுப் பயிற்சி எப்போது செய்தாய்? எந்த அளவில் திரும்புவாய்? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதற்குத் தயங்கினான். "ஒரு தடவை போட்டோ எடுக்கறதுக்காகக் கொஞ்சம் தாண்டிட்டேன் தாத்தா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." நான் திட்டவில்லை. கிணற்றுக் குடத்தின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இனிமே தாண்ட மாட்டேன்" என்றான்.

(அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான்.)

மருமகளே, உன் மகனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டாவது சிலிண்டர் ஆபத்தைக் கூட்ட வந்தது அல்ல. என் அத்தை மகன் பிடித்த கயிறு அது. ஆனால் குடத்தை எப்போது விட வேண்டும் என்பதை எந்தச் சிலிண்டரும் சொல்லித் தராது. அதை அவன்தான் பழக வேண்டும்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்குக்காகக் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், மெதுவாக நின்று ஏற வேண்டும் என்ற இந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். கொற்கைக் கைதிகளுக்குக் கயிறு பிடிக்க யார் இருந்தார்களோ, தெரியாது. இவர்களுக்கு நாம் இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர், மதுரை