ராலி (தானுந்துப் பந்தயம்)

ராலி என்பது பொதுச் சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் கட்டம் கட்டமாக நடத்தப்படும் தானுந்துப் பந்தயம் ஆகும். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களைப் போல இதில் தானுந்துகள் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை. ஓரிரு நிமிட இடைவெளியில் தனித்தனியே புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிடுகின்றன. 1911ல் தொடங்கிய மான்டே கார்லோ ராலி இவ்வகையில் புகழ்பெற்றது. உலக ராலி சாம்பியன்ஷிப் 1973 முதல் நடந்து வருகிறது.

பந்தய முறை

போக்குவரத்து நிறுத்தப்பட்டு, முழு வேகத்தில் ஓட்டப்படும் சாலைப் பகுதி தனிக்கட்டம் எனப்படும். அனைத்துத் தனிக்கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த மொத்த நேரம் பெற்றவர் வெற்றியாளராக அறிவிக்கப்படுவார். கட்டங்களை இணைக்கும் சாலைகளில் போக்குவரத்து விதிகளின்படியே செல்ல வேண்டும். அடுத்த சாவடியைக் குறித்த நேரத்திற்குப் பிந்தி அடைந்தாலும், முந்தி அடைந்தாலும் தண்ட நேரம் சேர்க்கப்படும். முந்தி வருவோருக்கே தண்டம் அதிகம்.

துணை ஓட்டுநர்

ஒவ்வொரு தானுந்திலும் இருவர் அமர்வர். இருவரும் பந்தயத்திற்கு முன்னரே அப்பாதையில் மெதுவாகச் சென்று, வளைவுகளின் கூர்மை, மேடு, பள்ளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். பந்தயத்தின்போது துணை ஓட்டுநர் அக்குறிப்புகளைப் படிக்க, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கும் ஓட்டுநர் ஆயத்தமாகிறார். குறிப்பு ஒரு வரி தவறினாலும் தானுந்து பாதையை விட்டு விலகக்கூடும். சரளைப் பாதையில் சக்கரங்கள் பிடிப்பின்றிச் சறுக்குவது இயல்பு. உவரிப் பக்கத்துத் தேரி மணலில் ஈருருளி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில்

1953ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தென்னிந்திய ராலியை நடத்துகிறது. கோயம்புத்தூரிலும் சிக்மகளூரிலும் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடந்துள்ளன. 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் பட்டம் வென்ற கௌரவ் கில், 2019ல் அருச்சுனா விருது பெற்றார். தானுந்துப் பந்தயத்திற்காக இவ்விருதைப் பெற்ற முதலாமவர் இவரே. சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர்களைக் கொண்டு எஃப்ரேன் யாரெனா 2022ல் ஐரோப்பிய ராலி பட்டத்தை வென்றார்.

பாதுகாப்பு

சுற்றுச்சுவர் இல்லாத பாதை என்பதால் ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமன்று. 1986ல் போர்த்துகல் ராலியில் தானுந்து கூட்டத்திற்குள் பாய்ந்து பார்வையாளர் மூவர் இறந்தனர். அதே ஆண்டு கோர்சிகாவில் ஹென்றி தோய்வனனும் அவருடைய துணை ஓட்டுநரும் இறந்தனர். இதையடுத்து, மிகு ஆற்றல் கொண்ட 'பி பிரிவு' தானுந்துகள் 1987 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் தடை செய்யப்பட்டன.

2019 செப்டம்பரில் இராசத்தானின் பார்மேர் அருகே, மூடப்பட்ட கட்டத்திற்குள் நுழைந்த மோட்டார் சைக்கிள் மீது பந்தயத் தானுந்து மோதியதில் மூவர் உயிரிழந்தனர். அச்சுற்று கைவிடப்பட்டது. பந்தயத்தைப் பற்றி அறியாத ஊர் மக்களுக்கும் அன்றாடம் பயன்படும் சாலைகளே கட்டங்களாகின்றன என்பதே இதிலுள்ள சிக்கல். ஆகவே முதல் போட்டியாளருக்கு முன்பாக, பாதை காலியாக உள்ளதா எனப் பார்க்கச் சுழிய எண்ணிட்ட தானுந்துகள் அனுப்பப்படுகின்றன.