ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத ஆள் தேடுறீங்களா? ஃபீஸ் பேசும் முன் இதைப் படிங்க!

மாப்பிள்ளையூரணியில் கருவாடு பேக்கிங் யூனிட் போடலாம்னு ஐடியா. வங்கிக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேண்டும். ஒருவர் குறைந்த காசுக்கு ஒரே நாளில் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பல மடங்கு ஃபீஸ் கேட்கிறார். யாரிடம் கொடுப்பது?

மலிவு எங்கே இடிக்கும்?

யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிய ரிப்போர்ட்டில் 12 மாதமும் ஒரே விற்பனை இருக்கும். ஆனால், நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் வரத்து குறையும், விலை ஏறும். உப்புத் தொழில் என்றால் மழைக்காலத்தில் உற்பத்தி நின்றுவிடும். கடன் தவணை மட்டும் நிற்காது!

ஒரு டிக், ஒரு லட்சம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) பொதுப்பிரிவினருக்கு மானியம் நகர்ப்புறத்தில் 15%, ஊரகத்தில் 25%. பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25%, 35%. மாநகராட்சியை ஒட்டிய மாப்பிள்ளையூரணி போன்ற இடங்களில் உங்கள் யூனிட் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் திட்டத்தில் இந்த வித்தியாசம் மட்டுமே 1 லட்சம் ரூபாய்.

இலவசமாகக் கிடைப்பவை

காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் இணையதளத்தில் பல தொழில்களுக்கு மாதிரித் திட்ட அறிக்கைகள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் வழிகாட்டுவார்கள். மீன் பதப்படுத்துவதில் சந்தேகமா? தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரியுங்கள். முத்ரா சிசு பிரிவில் 50,000 ரூபாய்க்குள் கடன் கேட்பவர்களுக்குப் பெரிய ஃபீஸ் கொடுத்து எழுதும் ரிப்போர்ட் தேவையே இல்லை.

எப்போது கூடுதலாகக் கொடுக்கலாம்?

மெஷின், ஷெட், பல வருடத் தவணை என்று போகும்போது அனுபவமுள்ள ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. வருடா வருடம் தொழிலில் வரும் பணம், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையைப்போல எத்தனை மடங்கு என்பதைத்தான் வங்கி பார்க்கும். இதற்குப் பெயர் டி.எஸ்.சி.ஆர். அந்தக் கணக்கை உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி போடுவதற்குத்தான் ஃபீஸ்; பக்கங்களின் எண்ணிக்கைக்கு அல்ல.

பேசும்போது கேளுங்கள்

* மெஷின் விலை என் கொட்டேஷனில் இருந்து எடுத்ததா, குத்துமதிப்பா?
* தடைக்கால மாதங்களின் வரவு செலவைத் தனியாகக் காட்டுவீங்களா?
* வங்கி திருத்தம் கேட்டால் தனி ஃபீஸா?
* கணக்கு போட்ட எக்செல் ஃபைலையும் தருவீங்களா?

‘லோன் வாங்கித் தர்றேன், பர்சன்டேஜ் கொடுங்க’ என்று ஆரம்பித்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பி.எம்.இ.ஜி.பி. திட்டத்துக்கு இடைத்தரகர் என்று யாரும் கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது என்று எழுதியவரிடமே கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். பொறுமையாக விளக்கினால், கேட்ட ஃபீஸைத் தாராளமாகக் கொடுக்கலாம்.