செய்தித் தடையும் அரசும்: இலங்கை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி ஏறத்தாழ 15 மணிநேரம் இலங்கையில் முகநூல், வாட்ஸ்அப், ருவிற்றர், யூரியூப் முதலிய சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்தன. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரிலேயே இது செய்யப்பட்டதெனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறிற்று. அவ்வமைச்சுக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. அன்றே தடை நீங்கியது. கருவி புதியதாயினும் அரசின் நடத்தை புதியதன்று. அதன் வேர்களைக் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே தேடவேண்டும்.

1915 மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. ஆள்பதி சாமேர்சின் அரசாங்கம் இதனை முடிக்கெதிரான சதியெனக் கண்டு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்களைச் சிறையிலிட்டது. போர்க்காலத் தணிக்கையும் உடனிருந்தது. கண்டவுடன் சுடுமாறு விடுத்த இரகசியக் கட்டளையின் பிரதியை ஈ. டபிள்யூ. பெரேரா தமது சப்பாத்தினுள் மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார் என்பது வழிவழி வரும் செய்தி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1916 இல் இலண்டனில் நூலொன்றே வெளியிட்டார். தடை உடைந்தது உண்மை. ஆயின் கடல் கடந்தது யாருடைய குரல்? சிங்களத் தலைவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அங்கு ஓங்கி ஒலித்தது; கடையும் வீடும் இழந்த முஸ்லிம்களின் குரல் தாழ்ந்தே கேட்டது. இதனை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

சுதந்திரத்தின் வாயிலில், 1947 இல், தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது மனங்கொள்ளத்தக்கது. 1958 கலவரத்தின்போது பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. அக்கலவரம் பற்றிய தார்சி வித்தாச்சியின் நூல் இலண்டனிலேயே வெளிவந்தது. 1974 இல் அவசரகால விதிகளின்கீழ் ‘தவச’ பத்திரிகை நிறுவனம் மூடப்பட்டது. 2007 யூனில் தமிழ்நெற் இணையத்தளம் தடுக்கப்பட்டது. இடதுசாரிகள் பங்கேற்ற அரசாங்கமும் இவ்வரிசையில் உண்டு என்பதை முற்போக்காளர் மறைத்தல் தகாது.

இனி, 103 ஆண்டுகளின் பின்னர் அதே கண்டி. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 6 ஆம் திகதி அவசரகாலநிலை. மறுநாள் சமூக ஊடகத் தடை. வெறுப்பைப் பரப்பியதிலும் தாக்குவோரைத் திரட்டியதிலும் முகநூலுக்கும் வாட்ஸ்அப்பிற்கும் பங்கிருந்தது; தனது தளம் தவறாகப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மேயில் மன்னிப்புக் கோரிற்று. ஆகவே அன்றைய தடையை வெறும் அடக்குமுறையென்று ஒதுக்கிவிட முடியாது. எரியும் வீட்டினுள் இருப்பவனிடம் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுவது எளிதன்று. எனினும் அடுத்த கிராமத்தில் என்ன நடக்கிறது என்று உறவினரைக் கேட்டறியும் வழியையும் அதே தடை அவனிடமிருந்து பறித்தது.

வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலில்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியதே. அச்சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் சிறைப்பட்டவர் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார! அதே மாதம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து மீண்டும் தடை. மே மாதம் குருநாகல் பகுதி முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது மற்றொன்று. தூண்டியோரை நீதிமன்றிற்குக் கொண்டுவருதல் ஆதரவாளரை இழக்கச்செய்யும் அரசியற் செயல். வலையமைப்பை முடக்குதலோ ஒரு கட்டளையோடு முடிவது. அரசு பின்னையதைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இங்கேயே உளது.

2022 இல் இந்த முகாந்திரமும் இல்லை. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தின் முன் கூடியவர்கள் எரிபொருளும் மின்சாரமும் இன்றி வாடிய மக்கள். எவ்வினத்தையும் அவர்கள் தாக்கவில்லை. இனக்கலவரத்தின் பெயரால் பழக்கப்பட்ட கருவி, இனங்கடந்து மக்கள் திரளத் தொடங்கியபோது அவர்கள்மீதே திரும்பியது. தடை பொய்யை நோக்கியதன்று, ஒன்றுகூடுதலை நோக்கியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே வீ.பி.என். வழியாக ருவிற்றரில் நுழைந்து, இத்தகைய தடை பயனற்றதென எழுதினார். ஊரடங்கையும் மீறிப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் அன்று வீதியில் இறங்கினர். அவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்றிரவே அமைச்சரவையில் பெரும்பாலோர் பதவி விலகினர். 2024 யனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.