பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி

பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி என்பது பிரெஞ்சிந்தியாவில் 1947 முதல் 1954 வரை செல்வாக்குடன் விளங்கிய ஓர் அரசியல் கட்சியாகும். எதுவார் குபேர் (1894 - 1979) இதன் முதன்மைத் தலைவராக இருந்தார். பொதுவுடைமையாளரை எதிர்த்தும் பிரெஞ்சு நிர்வாகத்தை ஆதரித்தும் வளர்ந்த இக்கட்சி, 1954 மார்ச்சு மாதத்தில் தன் நிலையை முற்றிலும் மாற்றிக்கொண்டு இந்தியாவுடனான இணைப்பைக் கோரியது. அம்மாற்றம் பிரெஞ்சு ஆட்சியின் முடிவை விரைவுபடுத்தியது. இக்கட்சியின் வலிமை பெரும்பாலும் கொம்யூன்களின் மேயர்களைச் சார்ந்திருந்தது. ஆதலால் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் முதலிய கிராமப்புறக் கொம்யூன்களின் வரலாற்றோடு இதன் வரலாறு பின்னிப் பிணைந்துள்ளது.

பின்னணி

1880ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி பிரெஞ்சிந்தியா கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையும், அதன் தலைவராக ஒரு மேயரும் இருந்தனர். பின்னர் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தது. இவற்றுள் புதுச்சேரி, உழவர்கரை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம் ஆகிய எட்டும் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தவை.

பிரெஞ்சு நகராட்சி முறையில் மேயர் ஊராட்சித் தலைவர் மட்டுமல்லர். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அவர் பொறுப்பில் இருந்தன. வாக்காளர் பட்டியலைத் திருத்துதல், வாக்காளர் அட்டைகளை வழங்குதல், வாக்குச்சாவடிக்குத் தலைமை ஏற்றல் ஆகியனவும் அவர் பணிகளே. எனவே மேயர் எக்கட்சியின் பக்கம் இருந்தாரோ அக்கட்சிக்கே அக்கொம்யூனின் வாக்குகள் போய்ச் சேர்வது வழக்கமாயிற்று. இவ்வழக்கம் சோசலிசக் கட்சியால் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடு சண்முக வேலாயுத முதலியாரும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆன்றி கெப்ளேயும், அதன் பின் செல்வராஜுலு செட்டியாரும் இதே அடிப்படையில் பிரெஞ்சிந்திய அரசியலைத் தம் பிடியில் வைத்திருந்தனர்.

இதற்கு எதிராக எழுந்த முதல் வலுவான மக்கள் இயக்கம் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. 1936 சூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். இப்போராட்டங்களின் வழியே பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா (1911 - 1993) பெரும் ஆதரவு பெற்றார். அவர் முன்னின்று அமைத்த தேசிய ஜனநாயக முன்னணி, 1946 டிசம்பரில் நடந்த பிரதிநிதித்துவ சபைத் தேர்தலில் பெரும்பான்மை பெற்றது. அச்சபை 44 உறுப்பினர்களைக் கொண்டது.

தோற்றம்

1947 சூலையில், இந்திய விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன், சோசலிசக் கட்சி தொடங்கப்பட்டது. அப்போது பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் குறித்து மூன்று கருத்துகள் நிலவின.

- இந்தியாவுடன் உடனடியாக இணைதல்
- பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் தன்னாட்சி பெற்று நீடித்தல்
- இரு நாடுகளின் ஒப்புதலுடன் பொது வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தல்

சோசலிசக் கட்சி இரண்டாவது நிலையை ஆதரித்தது. பொதுவுடைமையாளரின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய நிலக்கிழார்கள், வணிகர்கள், பதவியிலிருந்த உள்ளூர்ப் பிரமுகர்கள் ஆகியோர் இக்கட்சியில் சேர்ந்தனர். பெயரில் சோசலிசம் இருப்பினும், நிலச் சீர்திருத்தம் போன்ற திட்டங்களால் இக்கட்சி அறியப்படவில்லை. பிரெஞ்சுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த குபேர், தமிழர் சமூகத்திலும் பிரெஞ்சு நிர்வாகத்திலும் ஒருங்கே தொடர்புகள் உடையவராக இருந்தார். கட்சி அவரைச் சுற்றியே இயங்கியது.

வளர்ச்சி

1948 சூன் மாதத்தில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி பிரெஞ்சிந்திய மக்கள் தம் எதிர்காலத்தைப் பொது வாக்கெடுப்பின் மூலம் தாமே முடிவு செய்வர். வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் நகரசபைகள் வகுக்க வேண்டும். இதனால் நகரசபைத் தேர்தல்கள் அதுவரை இல்லாத முக்கியத்துவம் பெற்றன. நகரசபைகளைக் கைப்பற்றுபவரே வாக்கெடுப்பின் நெறிமுறைகளையும் வகுப்பவர் ஆவார்.

1948 அக்டோபரில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் பகுதிகளில் நடந்த நகரசபைத் தேர்தலில் சோசலிசக் கட்சி பெரும் வெற்றி பெற்றது. மாகேயில் ஐ. கு. குமாரன் தலைமையில் இணைப்பு ஆதரவாளர்கள் கிளர்ந்தெழுந்ததால் அங்குத் தேர்தல் குறித்த நாளில் நடைபெறவில்லை. தேர்தலில் மிரட்டலும் முறைகேடும் நடந்ததாக இணைப்பு ஆதரவாளர்கள் குற்றஞ்சாட்டினர். 1950இல் சுப்பையாவின் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் பலர் எல்லை தாண்டி இந்தியப் பகுதிகளில் தங்கிச் செயல்பட நேர்ந்தது.

சந்திரநாகூரில் நிலைமை வேறாக இருந்தது. 1949 சூன் 19 அன்று அங்கு நடந்த வாக்கெடுப்பில் 7,463 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 114 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஏனைய பகுதிகளில் வாக்கெடுப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 1951இல் நடுநிலை நாடுகளைச் சேர்ந்த பார்வையாளர் குழு ஒன்று புதுச்சேரிக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தது. தடையற்ற வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் அங்கு இல்லை என்பது அக்குழுவின் கருத்தாக இருந்தது.

பொருளாதாரச் சூழலும் கட்சியின் வளர்ச்சிக்குத் துணை செய்தது. பிரித்தானிய இந்தியாவுடன் 1941இல் செய்துகொள்ளப்பட்ட சுங்க உடன்படிக்கை 1949இல் முடிவுக்கு வந்தபின், புதுச்சேரி வரியற்ற துறைமுகமாயிற்று. தங்கம், மது போன்றவை இங்கிருந்து இந்தியாவுக்குள் கடத்தப்பட்டன. இவ்வணிகத்தில் ஈட்டிய பணமும் தேர்தல் அரசியலில் புழங்கியதாகக் கூறப்பட்டது. இந்திய அரசு எல்லையில் சுங்கச் சாவடிகளை அமைத்து, போக்குவரத்துக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. பாகூர், நெட்டப்பாக்கம் போன்ற கொம்யூன்கள் இந்திய நிலப்பரப்பால் சூழப்பட்டவை. ஆதலால் தம் ஊரிலிருந்து புதுச்சேரி நகருக்குச் செல்லவும் அங்குள்ள உழவர்கள் எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. இத்தொல்லையின் பெரும்பங்கைக் கிராமப்புற மக்களே சுமந்தனர்.

உட்கட்சிப் பூசல்கள்

தலைவர்களைப் பிணைத்தது கொள்கையைக் காட்டிலும் பதவியே ஆதலால், கட்சிக்குள் பிணக்குகள் தொடக்கம் முதலே இருந்தன. இணைப்புப் பிரச்சினை அவற்றை மேலும் கூர்மையாக்கியது.

1946 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்தவர் லம்பேர் சரவணன். 1951 சூன் மாதத் தேர்தலில் பதவியிலிருந்த சரவணனை எதிர்த்துக் குபேரே போட்டியிட்டார். ஒரே நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்கான இப்போட்டியில் ஏறத்தாழ எல்லா வாக்குகளையும் குபேர் பெற, சரவணனுக்கு மிகச் சொற்பமான வாக்குகளே கிடைத்தன. ஐந்தாண்டுகள் உறுப்பினராக இருந்த ஒருவர் ஒரே தேர்தலில் இவ்வாறு துடைத்தெறியப்பட்டமை, கொம்யூன்களின் வாக்குகள் யார் கையில் இருந்தன என்பதைத் தெளிவாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிரதிநிதித்துவ சபையும் சோசலிசக் கட்சியின் வசமாயிற்று.

இவ்வெற்றிக்குப் பின் கட்சிக்கு வெளியே வலுவான எதிர்ப்பு இல்லாமற் போயிற்று. ஆயினும் கட்சிக்கும் பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் இடையே உறவு சீர்கெடத் தொடங்கியது. கட்சித் தலைவர்கள் மீதான நிதி முறைகேட்டுப் புகார்களை நிர்வாகம் விசாரிக்க முற்பட்டது. மறுபுறம் இந்தியாவின் எல்லைக் கட்டுப்பாடுகள் இறுகின. இந்தோசீனாவில் பிரான்சு தோல்வியை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ஆட்சி நெடுங்காலம் நீடிக்காது என்னும் எண்ணம் கொம்யூன் தலைவர்களிடையே பரவியது.

1954: நிலை மாற்றம்

1954 மார்ச்சு 18 அன்று புதுச்சேரி உள்ளிட்ட எட்டுக் கொம்யூன்களின் மேயர்களும், அரசு ஆலோசகர்களும், வாக்கெடுப்பு இன்றியே இந்தியாவுடன் உடனே இணைய வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினர். காரைக்கால் கொம்யூன்களும் இதனைப் பின்பற்றின. ஏழாண்டுகளாக இணைப்பை எதிர்த்து வந்த கட்சி சில நாள்களுக்குள் இணைப்புக் கட்சியாக மாறியது.

மார்ச்சு 31 அன்று குபேரும் முத்துப்பிள்ளையும் தம் ஆதரவாளர்களுடன் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தைக் கைப்பற்றி இந்தியக் கொடியை ஏற்றினர். அங்குக் குபேர் தலைமையில் தற்காலிக அரசு ஒன்று அமைக்கப்பட்டது. இந்திய நிலப்பரப்பைக் கடந்து படையினரை அனுப்ப இயலாத நிலையில், தொலைவிலிருந்த கொம்யூன்களைப் பிரெஞ்சு நிர்வாகத்தால் மீட்க முடியவில்லை. ஏப்ரலில் திருபுவனை, பாகூர் பகுதிகளிலும் இயக்கம் பரவியது.

இயக்கத்துக்குள் ஒற்றுமை இருந்ததெனக் கூற இயலாது. பல ஆண்டுகள் அடிபட்டும் நாடு கடந்தும் இணைப்புக்காகப் போராடிய காங்கிரசாரும் பொதுவுடைமையாளரும், நேற்றுவரை தம்மை ஒடுக்கியவர் தலைமையேற்பதை ஐயத்துடன் நோக்கினர். சுப்பையாவின் தோழர்கள் தனியே செயல்பட்டனர். எனினும் பல முனைகளிலிருந்தும் எழுந்த அழுத்தத்தால் பிரெஞ்சு ஆட்சி சுருங்கியது. சூன் 13 அன்று ஏனாமும், சூலை 16 அன்று மாகேயும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டன.

கீழூர் வாக்கெடுப்பு

மக்களின் ஒப்புதலின்றி எந்நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் கூடாதென 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பு கூறியது. அதனை நிறைவு செய்யும் பொருட்டு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் வாக்களிப்பதென முடிவாயிற்று. இதற்கெனத் தேர்வு செய்யப்பட்ட இடம் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூராகும்.

1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் அங்குக் கூடினர். அவர்களுள் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அக்டோபர் 21 அன்று புது தில்லியில் உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிந்தைய நிலை

இணைப்புடன் கட்சியின் தனி வாழ்வு முடிந்தது. அதன் தலைவர்கள் பலர் காங்கிரசில் இணைந்தனர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியானபோது, 1963 சூலை 1 அன்று குபேர் அதன் முதலாவது முதலமைச்சர் ஆனார். 1964 தேர்தலுக்குப் பின் மதுகரையைச் சேர்ந்த வெ. வெங்கடசுப்பா ரெட்டியார் அப்பொறுப்பை ஏற்றார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையும் பெரிய அங்காடியும் இன்றும் குபேரின் பெயரைத் தாங்கியுள்ளன.

மதிப்பீடு

இக்கட்சியைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. தன்னலத்தின் பொருட்டு இறுதி நேரத்தில் நிறம் மாறிய கட்சி என்பது ஒரு சாரார் கருத்து. குபேரின் நிலை மாற்றம் இல்லையேல் இணைப்பு மேலும் பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், குருதியும் மிகுதியாகச் சிந்தியிருக்கும் என்பது மற்றொரு சாரார் கருத்து.

இரு கருத்துகளுக்கும் அப்பால் ஒன்று கவனிக்கத்தக்கது. கீழூரில் வாக்களித்த பிரதிநிதிகள், முறைகேடானவை என இணைப்பு ஆதரவாளர்கள் 1948 முதல் குற்றஞ்சாட்டி வந்த தேர்தல்களின் மூலம் பதவிக்கு வந்தவர்களே. எந்த மேயர்களின் துணையால் பிரெஞ்சு ஆட்சி நிலைத்ததோ, அவர்கள் விலகியதும் அது நிலைகுலைந்தது. சந்திரநாகூர் மக்கள் தம் கையால் வாக்களித்து முடிவு செய்தனர். பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளின் சாதாரண வாக்காளருக்கோ அவ்வாய்ப்பு கிட்டவில்லை. அவர்கள் சார்பில் பிரதிநிதிகளே முடிவு செய்தனர்.

காலக்கோடு

- 1946 டிசம்பர்: பிரதிநிதித்துவ சபைத் தேர்தலில் தேசிய ஜனநாயக முன்னணி வெற்றி
- 1947 சூலை: சோசலிசக் கட்சியின் தோற்றம்
- 1948 அக்டோபர்: நகரசபைத் தேர்தலில் வெற்றி
- 1951 சூன்: குபேர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வு
- 1954 மார்ச்சு 18: இணைப்பைக் கோரி மேயர்கள் தீர்மானம்
- 1954 மார்ச்சு 31: நெட்டப்பாக்கம் கைப்பற்றப்படல்
- 1954 அக்டோபர் 18: கீழூர் வாக்கெடுப்பு
- 1954 நவம்பர் 1: நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைப்பு
- 1962 ஆகஸ்டு 16: சட்டப்படியான இணைப்பு

இவற்றையும் பார்க்க

- எதுவார் குபேர்
- வ. சுப்பையா
- கீழூர் நினைவிடம்
- பிரெஞ்சிந்தியா
- வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து
- பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து