ஜம்ப் ஃபோர்ஸ்

ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெவ்வேறு ஓவியர்கள் வரைந்த தொடர்களின் நாயகர்களையும் வில்லன்களையும் ஒரே களத்தில் மோதவிடும் சண்டை வீடியோ கேம். ஸ்பைக் சுன்சாஃப்ட் உருவாக்கி, பண்டாய் நாம்கோ வெளியிட்டது. இதழின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது.

விளையாட்டின் வேர் இதழில்தான் இருக்கிறது. ஷூயெய்ஷா பதிப்பகம் 1968இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப், 1990களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சத்து 30 ஆயிரம் படிகள் அச்சான உச்சத்தைத் தொட்டது. எந்தத் தொடர் நீடிக்கும், எது நிற்கும் என்பதில் வாசகர் அனுப்பும் வாக்கு அட்டைகளுக்குப் பெரிய பங்குண்டு. ஆக, ஜம்ப் தொடர்களின் நாயகர்களான லூஃபியும் நருட்டோவும் கற்பனை உலகங்களில் சந்திக்காவிட்டாலும் தாளில் வாராவாரம் போட்டியாளர்களாகவே இருந்தார்கள். இதழின் தொடர்கள் ஜப்பானைத் தாண்டியும் போயின: மலேசியாவில் ‘டிராகன் பால்’ மலாய் மொழியில் ‘முத்தியாரா நாகா’ என்ற பெயரில் புத்தகங்களாக வெளிவந்தது. ஜொகூர் பாருவில் அதைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கும் ஒசாகாவில் இதழைப் படித்த பிள்ளைக்கும் ஒரே கேள்விதான்: இந்த நாயகர்கள் மோதினால் யார் ஜெயிப்பார்? காட்டுவழியில் படுத்துக் கிடந்த இராமாயணத்து அனுமனின் வாலைப் பாரதத்துப் பீமன் நகர்த்த முடியாமல் நின்ற கதையைக் கேட்டவர்களுக்கு இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல.

இந்த ஆசைக்குத் தீனி போட்ட முதல் முயற்சி ‘ஃபேமிகாம் ஜம்ப்’. இதழின் இருபதாம் ஆண்டைக் கொண்டாட பண்டாய் வெளியிட்டது. ஆனால் அது பயணமும் தேடலும் கலந்த கதை விளையாட்டு. நேருக்கு நேர் மோதல் என்ற வடிவம் 2005இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த ‘ஜம்ப் சூப்பர் ஸ்டார்ஸ்’ வழியாகத்தான் முழுமை பெற்றது. கன்பாரியன் நிறுவனத்தின் இந்தப் படைப்பையும், அடுத்த ஆண்டு வந்த ‘ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்’ஸையும் இந்த வரிசையின் உச்சம் என்றே சொல்லலாம். கருவியின் கீழ்த்திரையில் படக்கதைப் பக்கம் போலவே கட்டங்கள். மேல்திரையில் சண்டை. ஒரு கட்டம் மட்டும் கொண்ட படம் பலம் கூட்டும். இரண்டு மூன்று கட்டப் படம் ஓடிவந்து ஓர் அடி அடித்துவிட்டுப் போகும். நான்கு கட்டமும் அதற்கு மேலும் விரியும் படம்தான் களத்தில் இறங்கும் வீரர். பெரிய வீரரை வைத்தால் துணைக்கு இடம் குறையும், எனவே பக்கத்தை அடுக்குவதே பாதி ஆட்டம். பிந்தைய பதிப்பில் 41 தொடர்களின் முந்நூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் இருந்தன. இரண்டுமே ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. ஆனால் டிஎஸ் கருவிக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானிய அட்டை எங்கும் ஓடும் என்பதால் ரசிகர்கள் வரவழைத்து ஆடினார்கள்.

2014இல் பிளேஸ்டேஷன் 3, வீட்டா கருவிகளுக்கு வந்த ‘ஜே-ஸ்டார்ஸ் விக்டரி வெர்சஸ்’ இதே எண்ணத்தை முப்பரிமாணத் திடலுக்குக் கொண்டுபோனது. ஜம்ப் ஃபோர்ஸை உருவாக்கிய ஸ்பைக் சுன்சாஃப்டின் கைவேலைதான் இதுவும். அடுத்த ஆண்டு வெளிநாடுகளுக்கும் சென்றது. சண்டைக்காரர்களுக்கு நடுவே ‘கோச்சிகாமெ’ தொடரின் போக்கிரிப் போலீஸ்காரர் ரியோட்சுவும் ‘டாக்டர் ஸ்லம்ப்’பின் இயந்திரச் சிறுமி அராலேயும் நின்று அடித்தார்கள். ஜம்ப் என்றால் அடிதடி மட்டுமல்ல, கூத்தும்தான் என்று அந்த விளையாட்டு நினைவில் வைத்திருந்தது.

ஜம்ப் ஃபோர்ஸ் அதை மறந்தது. அரக்கர்களும் வாள்வீரர்களும் நிஜ மனிதத் தோலோடும், வியர்வையோடும், துணி மடிப்போடும் வந்தார்கள். அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள் அதற்குக் கைகொடுத்தது. கோட்டோவியத்துக்காகப் பிறந்த முகங்கள் நிஜத் தோலுக்குள் விறைத்துப் போயின. கதைக்கான காட்சிகளில் இந்த விறைப்பை நிறையப் பேர் கேலி செய்தனர், அதில் நியாயமும் உண்டு. கதை எளியது: படக்கதை உலகங்கள் நம் உலகத்தோடு கலக்க, நியூயார்க் தாக்கப்படுகிறது. காயமுற்ற ஒரு சாதாரண ஆளை உயிர்ப்பித்துப் படையில் சேர்க்கிறார்கள். அந்த ஆளின் உருவத்தை வடிவமைப்பவர் விளையாடுபவரே. இதற்கென்றே புதிதாக உருவான பாத்திரங்களை டிராகன் பாலின் அகிரா தொரியாமா வரைந்து கொடுத்தார்.

ஆட்டமுறை கதையைவிட மேல். ஒவ்வொரு தரப்பிலும் மூவர், களத்தில் ஒருவர்தான். மூவருக்கும் உயிர்க்கோடு ஒன்றே. மற்ற குழுச் சண்டை விளையாட்டுகளில் அடிபட்டவரை வெளியே அனுப்பி இன்னொருவரின் உயிரை வைத்துத் தப்பலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால், ஆள் மாற்றுவது தப்பிப்பதற்கல்ல, தாக்குதலை நீட்டுவதற்கே. விரைவடி, வன்மையடி, பிடித்து எறிதல் என மூன்று அடிப்படைகள். தடுத்து நிற்பவரைப் பிடித்து எறியலாம், அல்லது வன்மையடியை அழுத்திப் பிடித்துத் தடுப்பை உடைக்கலாம். சக்தியைத் திரட்டினால் சிறப்புத் தாக்குதல்கள் மூன்றில் ஒன்றை ஏவலாம். தனி மானி ஒன்று பாதி நிறைந்ததும் பாத்திரம் ‘விழிப்பு’ நிலைக்குப் போகும், பிறகுதான் இறுதித் தாக்குதல். விரலைச் சுழற்றிப் போடும் கடினக் கட்டளைகள் எதுவும் இல்லை. புதியவர் பத்தே நிமிடத்தில் டிராகன் பாலின் காமெஹாமெஹா தாக்குதலை ஏவிவிடுவார். பத்து நாள் கழித்தும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருப்பார் என்பது குறை.

‘டெத் நோட்’டின் லைட் யாகமி கதையில் வருகிறார், களத்தில் இறங்குவதில்லை. பெயரை எழுதினாலே ஆள் காலி என்பவரை எந்த உயிர்க்கோட்டில் நிறுத்துவது?

தொடக்கத்தில் 40 பாத்திரங்கள். பிறகு விலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் ஆல் மைட், மதாரா உச்சிஹா, செட்டோ கைபா, மெருவெம், ஜியோர்னோ ஜியோவானா ஆகியோர் உண்டு. குரல்கள் ஜப்பானிய மொழியில் மட்டுமே ஒலித்தன. ஆங்கில வசனத்தைக் கீழே படித்துக்கொள்ள வேண்டும். போட்டி மேடையில் இந்த விளையாட்டு வேர்பிடிக்கவில்லை. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் ஹோ குன் சியான் 2013இல் சண்டை விளையாட்டுகளுக்கான ‘எவோ’ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டம் வென்றிருந்தார். அவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரர்கள் உள்ள வட்டாரம் இது. அதே எவோவின் 2019 முதன்மைப் பட்டியலில் ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸீ’ இடம்பெற்றது, ஜம்ப் ஃபோர்ஸ் இடம்பெறவில்லை.

நிண்டெண்டோ சுவிட்சுக்கான பதிப்பு 2020 ஆகஸ்டில் வந்தது. பத்துக்கு மேற்பட்ட தொடர்களின் உரிமங்களை ஒரே பெட்டியில் கட்டிய பொருளுக்கு ஆயுள் குறைவு. 2022 பிப்ரவரியில் இணைய விற்பனை நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தரவரிசைப் போட்டிகளும் இணைய மண்டபமும் மூடப்பட்டன. கணினியில் புதிதாக வாங்க வழியில்லை. மற்றவற்றுக்கு வட்டோ அட்டையோ தேடிப்பிடிக்க வேண்டும். கிடைத்தால் தனியாகவோ, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்தோ ஆடலாம்.