வேகக் கேமரா

சாலையில் செல்லும் வாகனத்தின் வேகத்தைத் தானே அளந்து, வரம்பு மீறினால் பதிவெண்ணோடு படமெடுக்கும் கருவி வேகக் கேமரா. வாளையாறு, கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்கும் செல்லும் தமிழக ஓட்டுநர்கள் தூணில் பெட்டியைக் கண்டால் 'ஏஐ கேமரா' என்று பிரேக்கை மிதிக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வேகத்தை அளப்பதில்லை.

மோட்டார் வாகனங்கள் வந்த தொடக்க காலத்தில் காவலர்கள் குறித்த தூரத்தின் இரு முனைகளிலும் நின்று, வண்டி கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் கணக்கிட்டனர். இதைக் கருவியின் வேலையாக மாற்றியவர்களில் முதன்மையானவர் மவுரிட்ஸ் காட்சோனிடஸ். 1911இல் ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரர். 1953இல் மான்டி கார்லோ ராலியில் வென்ற கார்ப் பந்தய வீரர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து இன்னும் விரைவாக ஓட்டவே அவர் அளவி ஒன்றைச் செய்தார். சாலையின் குறுக்கே கிடக்கும் இரு ரப்பர் குழாய்களைச் சக்கரம் அடுத்தடுத்து மிதிக்கும் இடைவெளியிலிருந்து அது வேகத்தைக் கணக்கிட்டது. 1958இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகள் பல நாட்டுக் காவல்துறைகளுக்குச் சென்றன. வேகத்தை அளக்கும் இன்னொரு வழி ரேடார். அதன் அடிப்படையோ 1842இலேயே கிடைத்துவிட்டது: இரட்டை விண்மீன்களின் ஒளி நிறத்தை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர், நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று அவ்வாண்டு விளக்கினார்.

ரேடார் கேமரா அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 3,560 ஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். கருவி சாலைக்குச் சாய்வாக நின்றால் அளவு குறைந்து தெரியும். 20 பாகைச் சாய்வில் 100 கி.மீ. வேகத்தை 94 ஆகக் காட்டும். அதனால் நிறுவும் கோணத்தைக் கணக்கில் சேர்த்துத் திருத்துகிறார்கள். லேசர் கருவி அகச்சிவப்புத் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும், தூரம் மாறும் விதத்தைக் கொண்டு வேகத்தையும் அறிகிறது. இடுக்கியின் பீருமேட்டிலும் மூணாறிலும் இறங்கும் அடர்ந்த மூடுபனியில் லேசர் தடுமாறும். ரேடாருக்கு அந்தத் தொல்லை குறைவு. சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருள்களால் அளப்பது இன்னொரு வகை. சராசரி வேக முறையில் இரு கேமராக்கள் ஒரே பதிவெண்ணைப் படித்து இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடும். கேமராவுக்கு முன்னால் மட்டும் மெதுவாகச் செல்லும் தந்திரம் இதனிடம் பலிக்காது.

இரவில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியை நம்பர் பிளேட்டின் பூச்சு பளிச்செனத் திருப்பி அனுப்புவதால் எண் தெளிவாகப் பதிகிறது. அது மத்திய அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளமான 'வாகன்' தளத்தில் ஒப்பிடப்பட்டு உரிமையாளருக்கு அபராதச் சலான் போகிறது. தமிழகப் பதிவு வண்டிகளும் அதே தளத்தில் இருப்பதால் எல்லை தாண்டி ஊர் திரும்பியும் தப்ப முடியாது. 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-இன்படி கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்பு இருப்பதை எச்சரிக்கைப் பலகை சொல்ல வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும். மறைந்திருந்து பிடிப்பதற்கு இதில் இடமில்லை. இதுவே சரியான முறை.

2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தனர். சுற்றுலாப் பேருந்து அப்போது மணிக்கு 97 கி.மீ.க்கு மேல் சென்றது. சாலை விபத்துகளைக் குறைக்கும் நோக்குடைய கேரளத்தின் 'சேஃப் கேரளா' கேமராத் திட்டம் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கி, அபராதம் ஜூன் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் நிறுவிய 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், கைபேசிப் பேச்சு, இருசக்கர வண்டியில் மூவர் பயணம் ஆகியவற்றைப் படத்திலிருந்து கண்டறிபவை. 25 தவறான நிறுத்தத்தையும், 18 சிவப்பு விளக்கு மீறலையும் பார்க்கின்றன. வேகத்துக்கென இருப்பவை எட்டே எட்டு: நான்கு நிலையானவை, நான்கு வாகனத்தில் செல்பவை. பேருந்தின் பிரேக் நிலையையோ ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தையோ இவற்றில் எதுவும் அறியாது. ஒப்பந்தம் குறித்த எதிர்க்கட்சிகளின் ஊழல் புகார் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆனாலும் திட்டத்தின் தேவையில் ஐயமில்லை.

வேகக் கேமராக்கள் ஒப்பிடும் வரம்பு இது: 2023 ஜூலை 1 முதல் கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 60 கி.மீ.; நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 100 கி.மீ.