அறிவுப் போட்டியும் அறமும்
1950களில் அமெரிக்க மக்களின் மாலைப்பொழுதைத் தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிகள் ஆட்கொண்டிருந்தன. ‘ட்வென்டி வன்’ என்னும் போட்டியில் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் சார்ள்ஸ் வான் டோரன் 129,000 டொலர் வென்றார். நாடே அவரைப் போற்றிற்று. ஆயின், விடைகள் தமக்கு முன்னரே வழங்கப்பட்டன என்பதை 1959 நவம்பரில் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் அவர் ஒப்புக்கொண்டார். கற்பிக்கும் ஆசிரியரே பொய்த்தமை கண்டு மக்கள் மனம் நொந்தனர். 1960இல் இத்தகைய மோசடி சட்டப்படி குற்றமாக்கப்பட்டது.

1994இல் கேபிள் வழியே தொடங்கிய ‘கேம் ஷோ நெட்வேர்க்’, பழைய போட்டிகளுக்கு மறுவாழ்வளித்தது. 1950 முதல் 1967 வரை நடந்த ‘வாட்ஸ் மை லைன்?’ அதில் மீண்டும் காட்டப்பட்டது. இன்றும் பழைய போட்டிகள் அங்கே இடம்பெறுகின்றன. வெற்றி என்றோ முடிவாகிவிட்ட போட்டியை மக்கள் விரும்பிக் காண்பதேன்? விடை தேடுவோரின் தவிப்பு மெய்யானது என்று நம்புவதாலன்றோ!